சாரலில் நனையாத ஊர்

மேற்கே மலை கொஞ்சம் விலகிக் காற்றுக்கு வழிவிட்ட இடத்தில், அந்தக் காற்றின் முகத்துக்கு நேராகக் கல்லருவிப்பேட்டை உட்கார்ந்திருக்கிறது. ஆனி பிறந்ததிலிருந்து ஆவணி முடிகிற வரைக்கும் அந்த ஊரில் வானத்திலிருந்து ஒன்று இறங்கிக்கொண்டே இருக்கும். அது இறங்கினால் வேட்டி ஈரமாகும், தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு ஜாடிக்குள் உப்பு தண்ணீராய் நிற்கும், சுவரில் பச்சை படரும், தெருநாய் நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று உடம்பை உதறும். ஆனால் அதை மழை என்று சொன்னால் மட்டும் ஊர் ஒத்துக்கொள்ளாது. அது சாரல். மழைதான் நனைக்கும், சாரல் நனைக்காது, சாரல் படும், அவ்வளவுதான் என்று பிறந்த பிள்ளைக்குப் பால் புகட்டும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது, அந்த ஊரில் ஒருத்தராவது இதில் மாற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை.

பஞ்சவர்ணம் கமுதிப் பக்கத்துக்காரி. அவள் பிறந்த கரிசல் காட்டில் மழைக்கு மழை என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது, அந்த ஒன்றுக்கும் வருசத்தில் பாதி நாள் வேலை இருக்காது. இருபத்திநாலு வருசத்துக்கு முன்னால் கல்லருவிப்பேட்டையில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் குற்றாலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள், தண்ணீர் எடுக்கப் போய்விட்டுத் திரும்பியவள், "மழையில தொப்பலா நனைஞ்சு போனேன்" என்று சொல்லிக்கொண்டே தலையைத் துவட்டினாள். வீட்டில் இருந்த ஏழு பேரும் அவளைப் பார்த்த பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை.

"மழையா? எங்க மழ?" என்றார் புது மாப்பிள்ளை.

"இந்தா பெய்யுதே, இது என்ன?"

"இது சாரல்."

"மழைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இன்றுவரை ஆளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டில் சத்தம் கேட்டால் மழை, கேட்காவிட்டால் சாரல் என்றார் குற்றாலிங்கம். கையை நீட்டிப் பார், முழங்கை மயிரில் வெள்ளையாகப் பூத்து நின்றால் சாரல், வழிந்தால் மழை என்றாள் அவர் அக்காள் உலகம்மாள். இரண்டு பேர் பேசிக்கொண்டு நிற்கும்போது வந்து, இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவில்லை என்றால் அது சாரல் என்றார் சீசன் கமிட்டித் தலைவர் ஆவுடையப்பன். இவர் லாட்ஜ் வைத்திருப்பவர், எதற்கும் முடிவான பதில் வைத்திருப்பவர். சரி, எனக்குக் கையில் வழியத்தானே செய்கிறது என்று பஞ்சவர்ணம் கையை நீட்டிக் காட்டினால், மூன்று பேரும் ஒரே குரலில், அது வேர்வை என்றார்கள்.

அந்த ஊரில் யாரும் சாரலுக்குக் குடை பிடிப்பதில்லை, சாரல் பட்ட தலையைத் துவட்டுவதும் இல்லை. துவட்டினால் சாரல் முகம் சுளித்துக்கொண்டு மலையேறிவிடும், பிறகு அருவியில் தண்ணீர் விழாது, குளிக்க வெளியூர்க் கூட்டம் வராது, லாட்ஜும் கடையும் ஈயோட்ட வேண்டியதுதான் என்று நம்பினார்கள். குற்றாலிங்கம் தோளில் எந்நேரமும் ஒரு துண்டு கிடக்கும். அதை உதறுவார், விரிப்பார், தலைக்குச் சும்மாடு கட்டுவார், எண்ணெய்ச் சட்டியை இறக்கப் பிடிதுணியாக்குவார், சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்து நின்றாலும் தலைக்கு மட்டும் கொண்டுபோக மாட்டார். பஞ்சவர்ணம் முதல் நாளிலிருந்து துவட்டிக்கொண்டேதான் இருந்தாள். அதற்கு ஊர் அவளைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பாள். "அவ வெளியூர்க்காரி, அவ துவட்டினா சாரல் கண்டுக்கிடாது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். இருபத்திநாலு வருசம் குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணைப் பெற்று, அதற்கு இவர்கள் அம்மன் பெயராகக் குழல்வாய்மொழி என்றே வைத்து, கட்டிக்கொடுத்து முடித்த பிறகும் வெளியூர்க்காரிதான்.

அந்த வருசம் சாரல் வரவில்லை. ஆனி வந்து போனது, வெயில் பல்லைக் காட்டியது. அருவிப் பாறை வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தது, குரங்குகள் அதில் உட்கார்ந்து பேன் பார்த்தன. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த குழல்வாய்மொழிக்குத் தென்காசியில் பெண் பிள்ளை பிறந்தது. திருப்பூரில் வேலையிலிருந்த மருமகன் வந்து பார்த்துவிட்டுப் போனான். ஐந்தாம் நாள் ஆட்டோவில் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்து பஞ்சவர்ணம் ஆரத்தி எடுத்தாள், குழல்வாய்மொழி வலது காலை வைத்து வாசல் தாண்டினாள். அவளுக்குப் பின்னாலேயே சாரலும் வாசல் தாண்டியது. ஆரத்தித் தட்டில் கற்பூரம் சுர்ரென்று அணைந்தது.

வீட்டு முன்கூடத்தில், கான்கிரீட் கூரைக்குக் கீழே, மின்விசிறிக்கும் தரைக்கும் நடுவில், வெள்ளையாய், மெதுவாய், சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று நினைத்துப் பஞ்சவர்ணம் படியேறி ஓடினாள். தொட்டி காலி, வானம் துடைத்து வைத்தமாதிரி இருந்தது, மொட்டைமாடி காலைச் சுட்டது. இறங்கி வந்து பார்த்தால் குற்றாலிங்கம் கூடத்து நடுவில் முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், கை மயிரெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது, கண் கலங்கியிருக்கிறது.

"வந்துட்டு, வர்ணம்."

"என்ன வந்துருச்சு?"

"சாரல். நம்ம வீட்டுக்கே வந்துட்டு பாத்தியா."

"பச்சப்புள்ள இருக்கிற வீட்டுக்குள்ள மழை பெய்யுதுங்கிறேன், நீங்க கையை நீட்டிக்கிட்டு நிக்கிறீக!"

"மழ இல்லட்டி" என்றார் அவர், அப்போதும்.

ஊருக்கு இது ஆச்சரியமாக இல்லை. தாமதமாக வந்த விருந்தாளி எந்த வீட்டில் இறங்கினால் என்ன என்பதுபோல எடுத்துக்கொண்டார்கள். முதலில் பக்கத்து வீடுகள் வந்தன, பிறகு தெரு வந்தது, பிறகு டீக்கடை தன் பெஞ்சையே தூக்கிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டு, கூடத்தில் நின்று, முழங்கையை நீட்டிப் பார்த்து, பூத்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டி, அப்படியே உட்கார்ந்து, மகன் படிப்பு, மாமனார் மூட்டுவலி, தேங்காய் வெட்டு என்று பேச ஆரம்பித்தார்கள். சாரலில் பேச்சை நிறுத்தக் கூடாதே. நடுவில் பஞ்சவர்ணத்தைப் பார்த்து, "ஒரு சுக்குக்காப்பி போட்டா நல்லாருக்கும் மதினி" என்றும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் வெளியூர்க் கூட்டம் வந்தது. அருவி இல்லாவிட்டால் என்ன, சாரல் இருக்கிறது என்று ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டிலேயே ஆள் நிறுத்திச் சொல்லிவிட்டார். அருவிக்கரையில் கிடந்த இரும்புக் கம்பித் தடுப்புகளைக் கொண்டுவந்து பஞ்சவர்ணத்தின் வாசலில் நட்டு, ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்து, விசில் ஊத ஒரு ஆளையும் போட்டார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்களை மட்டும் பஞ்சவர்ணம் விளக்குமாற்றால் விரட்டினாள். மற்றவர்களை விரட்ட முடியவில்லை. குற்றாலிங்கம் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சிப்ஸ் எல்லாம் நமுத்துப்போய் வெற்றிலை மாதிரி வளைந்தது, அதையும் சாரல் பட்ட சிப்ஸ், மெத்தென்று இருக்கும் என்று ஜனங்கள் வாங்கித் தின்றார்கள்.

பஞ்சவர்ணத்துக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று, பிள்ளைத் துணி. ஒரு நாளைக்கு முப்பது துணி நனைக்கிறது பிள்ளை. முப்பதையும் துவைத்துக் கொடியில் போட்டால், காலையில் போட்டதைவிடச் சாயங்காலம் கனமாக இருந்தது. அடுப்புக்கு மேலே பிடித்துப் பார்த்தாள், தேய்ப்புப்பெட்டியை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், தன் வயிற்றில் சுற்றிக்கொண்டு உடம்புச் சூட்டில் காயவைத்துப் பார்த்தாள். குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டலாம் என்றால் கங்கு பிடிக்கவில்லை, புகைக்குப் பதிலாகச் சட்டியில் கறுப்புத் தண்ணீர்தான் நின்றது. மொட்டைமாடியில் காயப்போடலாம், அங்கே நல்ல வெயில். ஆனால் காய்ந்த துணியைக் கொண்டுவந்து பிள்ளைக்குச் சுற்றினால், சுற்றி முடிப்பதற்குள் ஈரம்.

உள்ளறைக்குப் பிள்ளையைக் கொண்டுபோனாள். கூடத்தில் சாரல் நின்றது, உள்ளறையில் ஆரம்பித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு நகர்ந்தார்கள். அடுக்களைக்குக் கொண்டுபோனாள், அங்கேயும் வந்தது, உலை வைத்த அடுப்பு அணைந்தது. கடைசியில் பிள்ளையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு நாலு வீடு தள்ளியிருந்த உலகம்மாள் வீட்டுக்கு ஓடினாள். வெயிலடிக்கிற தெருவில் அவள் தலைக்கு மேலே மட்டும் ஒரு பாய் அகலத்துக்குச் சாரல் கூடவே வந்தது. உலகம்மாள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள், கையை நீட்டினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்கு வரல, பிள்ளைக்குல்லா வந்திருக்கு! பிள்ள போற எடத்துக்குப் போவுது!"

இதை அவள் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சீசன் கமிட்டி கூடியது. கோயில் திருவிழாவில் இன்ன நாள் இன்ன தெருவின் மண்டகப்படி என்று சாமியை அழைத்து உட்கார வைத்து மரியாதை செய்வார்கள் அல்லவா, அதே முறைப்படி பிள்ளைக்கும் மண்டகப்படி எழுதினார்கள். திங்கள் லாட்ஜ் தெரு, செவ்வாய் கடைவீதி, புதன் ஆட்டோ ஸ்டாண்டு, வியாழன் கீழத்தெரு. பிள்ளையைத் தாயோடு ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மேளம் வேண்டாம் பிள்ளை தூங்கும், நாதஸ்வரம் மட்டும் மெதுவாக வாசித்துக் கூட்டிப்போவது. வெள்ளிக்கிழமை அருவிப் பாறை உச்சிக்குக் கொண்டுபோய்ப் பகல் முழுக்க வைத்திருப்பது. சாரல் அங்கே பட்டால் அருவி எப்படி விழாமல் போகும் என்று பார்ப்பது. எல்லோரும் கைதட்டினார்கள். தாய்க்குப் பக்கத்தில் விசிறி வீச ஆள் போடலாமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

"பிறந்து பத்து நாள்தாங்க ஆகுது" என்றாள் பஞ்சவர்ணம் கூட்டத்துக்கு நடுவில் நின்று. "பாறைல கொண்டுபோயி வைக்கிறதுக்கு அது என்ன வடகமா?"

"சாரல் பிள்ளைக்கு நல்லதும்மா" என்றார் ஆவுடையப்பன். "நாங்கல்லாம் சாரல்ல வளந்தவங்கதான? எங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அவர்களுக்கு என்ன குறைந்துபோனது என்று சொல்லப் பஞ்சவர்ணத்திடம் நிறைய இருந்தது. குழல்வாய்மொழி அவள் கையைப் பிடித்து அழுத்தியதால் சும்மா இருந்தாள்.

திங்களும் செவ்வாயும் மண்டகப்படி நடந்தது. புதன்கிழமை பிள்ளை இருமியது. வியாழக்கிழமை மூச்சு விடும்போது உள்ளே ஓலைப் பெட்டியைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பார்க்க வந்த சுகாதார நர்ஸ் காதை வைத்துக் கேட்டு, முகம் மாறி, "நெஞ்சுல சளி கட்டியிருக்கு. இந்த ஈரத்துல வச்சிருக்கக் கூடாது. நாளைக்குக் காலைல மொத பஸ்ல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். கமிட்டி இதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை; அந்த நர்சுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. உள்ளூர்க்காரரான ஒரு ஓய்வுபெற்ற டாக்டரை ஆவுடையப்பன் கூட்டிவந்தார். அவர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சளி மாதிரிதான் கேக்குது" என்றார். "ஆனா சாரல்ல சளி பிடிக்காதே."

போகும்போது முழங்கையை ஒரு தரம் நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பஞ்சவர்ணம் குற்றாலிங்கத்தை அடுக்களைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "இந்தா, ஒங்களத்தான். நான் துவட்டினா இது போகமாட்டேங்குது. பத்து நாளா மணிக்கு நாலு தரம் பிள்ள தலையத் துவட்டுறேன், மலை மாதிரி நிக்குது. நான் வெளியூர்க்காரி, நான் தொடைச்சா அது கண்டுக்காது, சரி. நீங்க இந்த ஊருக்காரருதான? நீங்க ஒரு தரம் துவட்டுங்க. போகட்டும்."

குற்றாலிங்கம் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், பார்த்தார், மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். "ஊரே இத நம்பி இருக்கு, வர்ணம். நான் எப்படி துவட்டுவேன்? எங்கப்பா துவட்டல, எங்க தாத்தா துவட்டல. சாரல்ல பிள்ள நனையாதுட்டி. நீதான் சும்மா பயப்படுத."

"சாரல்ல நனையாது" என்று அவள் திருப்பிச் சொன்னாள். அவளுக்கு அழுகையும் வந்தது, உலக்கையை எடுத்து அவர் மண்டையில் போடலாமா என்றும் வந்தது.

வெள்ளிக்கிழமை, நாதஸ்வரக்காரர் வருவதற்கு முன்னால், எட்டுப் பத்து பஸ்ஸுக்குப் பஞ்சவர்ணம் கிளம்பிவிட்டாள். பிள்ளையைத் தான் வைத்துக்கொண்டாள், ஒரு பையில் மாற்றுத்துணி, மகள் பின்னால் நடந்தாள், அவளுக்குப் பின்னால் செருப்புகூடப் போடாமல் குற்றாலிங்கம், எல்லோருக்கும் மேலே சாரல். ஊர்வலம் சீக்கிரமே கிளம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே கூட வந்தார்கள், பால் வாங்கப் போனவர்கள் தூக்குச்சட்டியோடு வந்தார்கள், வரிசையில் நின்ற வெளியூர்க்காரர்கள் வரிசை கலையாமல் வந்தார்கள், விசில்காரர் அவர்களுக்கு விசில் ஊதிக்கொண்டு வந்தார். அவள் அருவிப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியபோதுதான் ஊருக்கு விளங்கியது.

அவள் பஸ் ஏறினாள். சாரலும் ஏறியது. உள்ளே இருந்தவர்கள் சன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்கள், மூடிய பிறகும் உள்ளேயே பெய்துகொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட்டுக் கட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். டிரைவர் கண்ணாடியின் உள்பக்கத்தைக் கையால் துடைத்துப் பார்த்தபோது, பஸ்ஸுக்கு முன்னால் ஆவுடையப்பன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உலகம்மாள் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஊர்.

"இறங்கும்மா" என்றார் ஆவுடையப்பன். "பிள்ள போனா சாரல் போயிரும். சாரல் போனா ஊரே போயிரும்."

"பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

"ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. ஆவணி முடியட்டும். நாங்களே கார் வச்சுக் கூட்டிட்டுப் போறோம்."

"ரெண்டு மாசமா?"

பஞ்சவர்ணம் பஸ் படியில் வந்து நின்றாள். இருபத்திநாலு வருசத்து நமுத்த தீக்குச்சியும், பூசணம் பிடித்த பாயும், முகர்ந்தால் குமட்டுகிற தலையணையும், காயாத பாவாடையும், பூத்ததும் வழிந்ததும், வேர்வை வேர்வை என்று சொன்ன ஒவ்வொரு வாயும் அவளுக்குத் தொண்டையில் வந்து நின்றது. ஆனால் அவள் கேட்டது கொஞ்சம்தான்.

"ஒரே ஒரு தரம், யாராவது ஒருத்தர், இந்தப் புள்ள நனைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. நான் இறங்கிர்றேன். பாறை மேல வேணாலும் நானே கொண்டுபோயி வைக்கிறேன். சொல்லுங்க. கண்ணால பாக்குறீகள்ல? நனைஞ்சிருக்கா, இல்லையா?"

ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. உலகம்மாள் எழுந்து வந்து பிள்ளையை எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது, சுற்றியிருந்த துணியிலிருந்து படிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாரல் பட்டிருக்கு" என்றாள் உலகம்மாள். கண்ணால் பார்த்துக்கொண்டும் அதைத்தான் சொன்னாள்.

அப்போது பிள்ளை இருமியது. இருமி, இழுத்து, மறுபடி இழுக்கப் பார்த்து, முடியாமல் நின்றது. ஓலைப்பெட்டிச் சத்தம் நின்றுபோனது. "யம்மா, பிள்ள... யம்மா" என்று குழல்வாய்மொழி கத்தினாள். பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற நிறத்துக்குப் போனது. குற்றாலிங்கம் கீழே நின்றிருந்தவர் படியில் ஒரு கால் வைத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் தண்டி முழங்கை. அதில் ஒரு மயிர்கூடக் கிடையாது, வெள்ளை பூத்து நிற்க அதில் இடமே இல்லை. நெற்றியில் இறங்கிய தண்ணீர் புருவம் இல்லாத புருவத்தைத் தாண்டி, மூடிய கண்ணில் விழுந்து, மூக்கோரம் வழிந்து, வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. வேர்வை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். பழக்கம்தான். பதினைந்து நாள் பிள்ளைக்கு என்ன வேர்வை?

"நனைஞ்சிட்டு" என்றார்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"ஏ, பிள்ள நனைஞ்சிட்டுய்யா! நனைஞ்சு போய்க் கெடக்கு பிள்ள!" என்று ஊரைப் பார்த்துக் கத்திக்கொண்டே அவர் தோளிலிருந்த துண்டை உருவினார். உருவி, பிள்ளையின் தலையைத் துவட்டினார், காது மடலுக்குப் பின்னால் துடைத்தார், கழுத்து மடிப்பில் துடைத்தார், மூக்கையும் வாயையும் ஒற்றியெடுத்தார், அக்குளில், விரலிடுக்கில், தொப்புளைச் சுற்றி, முதுகில் துடைத்தார், பிள்ளையைக் கவிழ்த்துப் பிடித்துத் துடைத்தார், அது நடக்கிற வரைக்கும் ஆவுடையப்பன் "வேண்டாம்ல, குற்றாலம், வேண்டாம்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பஸ்ஸுக்குள் சாரல் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் வெறுமனே அந்தரத்தில் நின்றது, பிறகு ஓட்டுநர் சன்னல் வழியாக வெளியே போய், பஸ் ஸ்டாண்டுக் கூரையைத் தாண்டி, லாட்ஜ் மொட்டைமாடிகளைத் தாண்டி, மேற்கே மலைக்கு ஏறிப் போனது. எல்லோரும் அண்ணாந்து அது போவதைப் பார்த்தார்கள். பிள்ளை ஒரு தும்மல் போட்டது, வாயிலிருந்து வெள்ளையாய்க் கொஞ்சம் வந்தது, பிறகு ஊருக்கே கேட்கும்படி அழுதது.

உலகம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். ஆவுடையப்பன் குற்றாலிங்கத்தைப் பார்த்தார். கோபமாகப் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அவரோ மிகவும் களைத்துப்போன குரலில், "இனிமே நீயும் வெளியூர்தான்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு வழிவிட்டு விலகினார். மறித்து நிற்க இனி என்ன இருக்கிறது? தூக்குச்சட்டிகள் திரும்பிப் போயின. வரிசை மட்டும் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று இன்னும் கொஞ்ச நேரம் வரிசையாகவே நின்றது.

பெரியாஸ்பத்திரி போக முக்கால் மணி நேரம். குழல்வாய்மொழி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், பிள்ளை குடித்தது, குடித்துக்கொண்டே தூங்கிப்போனது. நெஞ்சில் இன்னும் சத்தம் இருந்தது, ஆனால் மூச்சு ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒழுங்காக வந்தது. பஞ்சவர்ணம் அதன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

குற்றாலிங்கம் பின் சீட்டில் துண்டை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, அடுத்தது என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். துண்டிலிருந்து சொட்டிச் சீட்டு நனைந்தது.

"வெளிய பிழிங்க அண்ணாச்சி" என்றார் கண்டக்டர்.

அவர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிழிந்தார். ஒரு செம்பு தண்ணீர் விழுந்தது. திருப்பிப் போட்டுப் பிழிந்தார், ஒரு குடம் விழுந்தது. சின்னத் தலை ஒன்றைத் துடைத்த துண்டுதான், கை வலிக்கப் பிழிந்தார், வாய்க்கால் மடையைத் திறந்தமாதிரி பஸ்ஸின் பக்கவாட்டில் தண்ணீர் இறங்கி, சக்கரத்தில் சிதறி, காய்ந்த ரோட்டில் ஓடி, இரண்டு பக்கப் பள்ளத்தையும் நிரப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தது. பண்ணைத்தோப்பு ஸ்டாப்பில் பிழிந்தார், ரயில்வே கேட்டில் பிழிந்தார், அவர் அப்பா பிழியாததும் தாத்தா பிழியாததும் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு துண்டில் இருந்தமாதிரி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் பிழிவதை நிறுத்தி முன் சீட்டைப் பார்த்துக் குனிந்தார். முகத்தில் அப்படி ஒரு திகைப்பு.

"வர்ணம்" என்றார். "இவ்வளவு தண்ணியா இருந்துச்சுட்டி?"

இருபத்திநாலு வருசமாக அவள் சொல்ல வைத்திருந்தது அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் திரும்பினாள், வாயைத் திறந்தாள், மடியில் பிள்ளை அசைந்தது, திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"சத்தம் போடாமப் பிழிங்க" என்றாள். "புள்ள தூங்குது."